கூரையிலிருந்து உருண்ட குழவி

ஜூன் 8, ஞாயிறு
பகல் முழுதும் புழுக்கம், மாலையில் மேகம். மழைக்கு முன் தகரக் கூரைமேல் நீலத் தார்ப்பாய் விரித்தாயிற்று. காற்றில் பறக்காதிருக்கப் பாரம்: செங்கல் ஆறு, பழைய டயர் இரண்டு. சந்துப் பக்க ஓரத்துக்கு, மிக்ஸி வந்தபின் சும்மா கிடந்த அம்மிக்குழவி. என் யோசனை.

பின்பு, பழைய புத்தகக் கடையில் வாங்கிய அறிவியல் நூல். உயரத்தில் அசையாதிருக்கும் பொருளிடம் நிலை ஆற்றல். விழும்போது அதுவே இயக்க ஆற்றல். ஐந்தாம் வகுப்போடு நின்றவள், எவர் உதவியுமின்றி விளங்கிக்கொண்டேன். எதிர்வீட்டுச் செல்விக்கும் விளக்கினேன்.

“சும்மா இருக்கதுக்கு என்னக்கா சக்தி? எங்க வீட்டு ஆளுந்தான் சும்மா இருக்காரு!”

ஜூன் 9, திங்கள்
முதல் மழை, கடுங்காற்று. காலை ஆறரை. சந்தில் பேரோசை. செல்வியின் தண்ணீர் டிரம் பிளந்து கிடக்கிறது. மூடி எடுக்க அவள் உள்ளே போன நேரம். அருகில் என் குழவி.

உருளைக் கல்லைச் சரிவில் வைத்தவள் நான்.

கணக்கு: ஆறு கிலோ, ஐந்து மீட்டர் உயரம். ஏறக்குறைய முந்நூறு ஜூல். தரை தொடுகையில் வினாடிக்குப் பத்து மீட்டர் வேகம். செல்வியின் தலை. மேலே எழுத இயலவில்லை.

சந்தில் கூட்டம். “மாடியில இருக்க பிரகாஷ்தான் எறிஞ்சிருக்கான். நேத்து தண்ணிக்குச் சண்ட போட்டாம்லா!”

பிரகாஷ், ஒடிசாத் தையற்காரர். செல்வி வீட்டு மாடியில் வாடகை. குழவி நம்மவர் வீட்டுப் பொருளாயிற்றே என்று ஒருவரும் நினைக்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை.

ஜூன் 10, செவ்வாய்
மழை. வேலைக்குப் போகவில்லை. பிரகாஷை அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அவர் இந்தியில் சத்தியம் செய்வது இங்குவரை கேட்கிறது.

உண்மையை உரைக்க வாக்கியம் எழுதிப் பார்த்தேன், மூன்று முறை. மூன்றும் அழகாகவே அமைந்தன. ஒன்றிலும் ‘நான்’ இல்லை. அதிர்ந்துபோனேன்.

ஜூன் 11, புதன்
மழை விட்டது. செல்வியிடம் சென்றேன். “நிலை ஆற்றல் குறித்து அன்று உரைத்தேன் அல்லவா...”

“அக்கா, பாடம் பொறவு. கல்லு யாருது?”

“என்னுடையது.”

அவள் முகத்தைப் பார்க்க இயலவில்லை. மாடி ஏணிப் பக்கம் திரும்பினேன். பிரகாஷ் தையல் இயந்திரத்தைத் தோளில் சுமந்து இறங்கிக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்த இந்தி சொற்பம். “பத்தர் மேரா,” என்றேன். கல் என்னுடையது.

அவர் இயந்திரத்தை இறக்கி வைக்கவில்லை.

“தோ தின் சே மாலூம் தா, ஆண்ட்டி?”

இரண்டு நாளாகத் தெரியுமா என்று.

தெரியும்.