லேபிள் சுற்றிய குமிழ்

14-5-62, திங்கள்.

பழைய காரில் எஞ்சின் சூட்டை மீட்டருக்குச் சொல்லும் பித்தளைக் குமிழை நானே மாற்றினேன். முள் அசையவே இல்லை. பஸ் ஏறி, அதை வாங்கிய விருதுநகர் கடைக்குப் போய், செத்த சாமானைத் தலையில் கட்டிவிட்டீர் என்று நாலு பேர் முன்னால் கத்தினேன். கடைக்காரர் அதைக் குப்பையில் எறிந்துவிட்டு வேறொன்று கொடுத்தார். அதற்கும் முள் அசையவில்லை.

தண்ணீர் கசியக் கூடாதென்று எங்கள் அச்சகத்து மத்தாப்பு லேபிளைப் பசை தடவிக் குமிழின் திருகு மரையில் சுற்றியிருந்தேன். இரண்டுக்குமே அப்படித்தான். ஆஸ்பத்திரி டியூட்டி முடிந்து வந்த என் மனைவி மேரி எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, தெர்மாமீட்டருக்குத் துணி சுத்தியா காய்ச்சல் பாப்பாக?"

எரிச்சலோடு தாளை உரித்தெறிந்து, பித்தளை இரும்பில் படும்படி முடுக்கினேன். முள் துள்ளி எழுந்தது.

கார் சரியாகிவிட்டது. அதை விருதுநகர்ப் பக்கம் எந்த முகத்தோடு ஓட்டுவேன்?