மிச்சமிருக்கும் ஒரு குழாய்

விருத்தாசலம்

அன்பு மகன் சேரனுக்கு அம்மா பூங்கோதை ஆசையோடு எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாகவே இருக்கிறோம், அந்தப் பனிமலையில் நீயும் உன்னோடு நிற்கும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று கொளஞ்சியப்பரை வேண்டிக்கொண்டே இருக்கிறேன். சொல்வது நான், எழுதுவது உன் தங்கை இளமதி. வலது கையை அதிகம் அசைக்கக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார்கள், பேனா பிடித்தாலும் அக்குள் வரைக்கும் இழுக்கிறது. போன் கீழே விழுந்து உடைந்துவிட்டது, உன் முகாமிலும் சிக்னல் கிடைக்காது, அதனால்தான் கடிதம். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது கண்ணு. வலது மார்பை எடுத்துவிட்டார்கள். உள்ளே ஊறுகிற நீர் தேங்காமல் வெளியே வர விலாவில் இரண்டு மெல்லிய குழாய்கள் வைத்து, ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு ரப்பர் குடுவை மாட்டி அனுப்பினார்கள். பார்க்க உன் பட்டாளத்துக் கைக்குண்டு மாதிரி இருக்கும். என்னோடு பொம்மை அச்சில் வேலை செய்கிறாளே வாசுகி, அவள் பார்த்துவிட்டு அழ ஆரம்பித்தாள். "அழுவாதடி, ஒண்ணை எடுத்துக்கிட்டு ரெண்டு குடுத்திருக்காங்க, லாபந்தானே"ன்னு சொன்னேன். அழுகையும் சிரிப்புமாக அவளுக்குப் புரையேறிவிட்டது.

முதல் நாள் நர்சு சொன்னது எனக்குச் சரியாக விளங்கவில்லை. அப்புறம் அச்சை நினைத்துக்கொண்டேன். அச்சில் ஊற்றிய களிமண் கூழில் மிச்சத்தை வடிக்காமல் விட்டால் பொம்மை காயாமல் கெட்டுப்போகும், அதுபோலத்தான் இதுவும் என்று புரிந்துவிட்டது. இளமதிதான் எல்லாம் பார்க்கிறாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, குழாயை உடம்போடு ஒட்டிய இடத்தில் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கை விரல்களால் மெதுவாகக் கீழே உருவி விடுகிறாள், அடைப்பு இருந்தால் வந்துவிடும். பிறகு மூடியைத் திறந்து அளவுக் கோப்பையில் ஊற்றிப் பார்த்துவிட்டு, குடுவையைச் சப்பையாக அமுக்கி மூடுகிறாள், அமுக்கினால்தான் அது உறிஞ்சும். வாசுகி பழைய உள்பாவாடைத் துணியில் இரண்டு பை வைத்துக் கழுத்தில் மாட்டுகிற மாதிரி தைத்துக் கொடுத்தாள், குடுவைகளை அதில் போட்டுக்கொண்டால் நடக்கும்போது இழுக்காது. முன்பக்கம் பட்டன் வைத்த நைட்டி, சாய்ந்து படுக்க மூன்று தலையணை, கைக்கு அடியில் ஒன்று, ராணி மாதிரி இருக்கிறேன் போ. நீர் குறைந்ததும் குழாயை எடுத்துவிடுவார்களாம்.

உன் அப்பாவும் இப்போது முன்னைப்போல இல்லை, பொறுப்பாக இருக்கிறார். நீ லீவு கேட்டு அலையாதே, பொங்கலுக்கு வந்தால் போதும். ஈரச் சாக்ஸோடு படுக்காதே. மேலதிகாரி ஏதாவது சொன்னால் எதிர்த்துப் பேசாதே, உனக்குக் கோபம் வந்தால் கண்மண் தெரியாது, அதுதான் எனக்கு இருக்கிற ஒரே கவலை. மகராசனாக இரு.

அண்ணா, மேலே இருப்பது அம்மா சாயங்காலம் சொல்லச் சொல்ல நான் எழுதியது. இனிமேல் எழுதுவது நான், இளமதி. அம்மாவுக்குத் தெரியாது. அப்பா முன்னறையில் படுத்திருக்கிறார், நான் அடுப்படியில் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன். அவர் இருமினால்கூட எழுத்து கோணுகிறது, மன்னித்துக்கொள்.

அம்மா சொன்னதில் குழாயைப் பற்றியது எல்லாம் போன வாரம் வரைக்கும் உண்மை. இப்போது இரண்டு குழாய் இல்லை, ஒன்றுதான் இருக்கிறது. அப்பா செராமிக் பேட்டையில் சூளை வேலை முடித்துவிட்டுக் குடித்துவிட்டு வந்தார். நான் டியூஷனிலிருந்து வரும்போது அடுப்பில் சூளைச் செங்கல் ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. "எத்தினி நாளா ஒழுவிக்கிட்டே கெடக்குது, ஈரத்தோட சூளையில ஏத்துனா எந்தச் சட்டியும் வெடிச்சிரும்னு அந்த டாக்டருங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியும். நான் காய வைக்கிறேன் பாரு"ன்னு சொல்லிக்கொண்டே அதைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். ஏதோ ஒத்தடம் கொடுக்கப் போகிறார் என்று ஒரு நிமிஷம் நினைத்துவிட்டேன். அம்மாவின் கையை முழங்காலால் அமுக்கிக்கொண்டு, தைத்த இடத்தின் மேலேயே வைத்து அழுத்தினார். அம்மா கத்தவில்லை அண்ணா. ஆபரேஷனுக்குப் பிறகு அந்த இடம் மரத்துப்போய்விட்டது, தொட்டாலும் தெரியாது, கிள்ளினாலும் தெரியாது. "சூடு ஒண்ணும் தெரியலைங்க, விட்டுடுங்க, என்னமோ வாடை வருதுங்க"ன்னுதான் சொன்னாள். அது அவள் தோல் தீய்கிற வாடை. எனக்குத்தான் தெரிந்தது.

நான் போய் அவர் கையைப் பிடித்து இழுத்தேன். என்னைத் தூக்கிச் சுவரில் அடித்தார், முன்பல் பாதி போய்விட்டது. அம்மா எழுந்து குறுக்கே வந்தாள். அவர் ஒரு குழாயைப் பிடித்துக் கையில் சுற்றி இழுத்தார். தையலோடு பிய்ந்து வந்தது, நீளமாக வந்துகொண்டே இருந்தது, இவ்வளவு நீளம் அம்மாவின் உடம்புக்குள் இருந்ததா என்று நினைத்தேன். அம்மா அப்போதுதான் கத்தினாள். நான் 108-க்குப் போன் செய்யப் போனேன், அந்தச் செங்கலாலேயே போனை நசுக்கினார். அம்மா எழுதச் சொன்னதுபோல அது கீழே விழுந்து உடையவில்லை. பிறகு "இன்னொண்ணையும் புடுங்கிட்டா தொல்லை விட்டுது"ன்னு மறுபடியும் அம்மா பக்கம் குனிந்தார். நான் ஊறுகாய் ஜாடியைத் தூக்கி அவர் தலையில் போட்டேன். ஜாடி உடைந்தது, தலையும் உடைந்தது. எலுமிச்சங்காய், ரத்தம், உப்பு எல்லாம் தரையில் ஒன்றாகக் கிடந்தது. செத்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். அம்மா ஒரு கையால் விலாவைப் பொத்திக்கொண்டு, மறு கையால் அவர் தலையில் துண்டைக் கட்டினாள்.

குளியலறையில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லி அவர் தலைக்குத் தையல் போட்டுக்கொண்டு வந்தார். மறுநாள் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, "சுட்டுச்சா?"ன்னு கேட்டார். "தெரியலைங்க"ன்னு அம்மா சொன்னாள். அழுவாரோ என்று நினைத்தேன். அப்புறம் என்னைப் பார்த்து, "தையலு பிரிக்கட்டும்டி. எந்தக் கையால அடிச்சியோ அதை ஒடிச்சு அடுப்புல வைக்கிறேன்"னு சொன்னார். ஆஸ்பத்திரிக்கும் போகக் கூடாதாம். "காயம் எப்படின்னு கேப்பானுங்க, போலீஸ் வரும். வாசப்படியைத் தாண்டுனா ரெண்டு பேரு காலும் இருக்காது" என்கிறார். ஆஸ்பத்திரி ஃபைலை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். உனக்குச் சொல்லலாம் என்று நான் சொன்னதற்கு அம்மா என் வாயைப் பொத்தினாள். போன லீவில் நீ அப்பாவின் கழுத்தைப் பிடித்துச் சுவரில் வைத்து அழுத்தியதை அவள் மறக்கவில்லை. "சேரனுக்குத் தெரிஞ்சா வந்து வெட்டிப்புடுவான். எனக்குப் புருஷன் சாவணும், புள்ள ஜெயிலுக்குப் போவணும், அதானே ஒனக்கு வேணும்?"ன்னு கேட்டாள்.

ஆனால் அம்மாவுக்குக் காய்ச்சல் அண்ணா. சுட்ட இடம் கறுத்து, ஓரமெல்லாம் பிரிகிறது. குழாய் பிய்ந்த ஓட்டையில் துணியை மாற்றி மாற்றி வைக்கிறேன், நனைந்துகொண்டே இருக்கிறது. மிச்சமிருக்கும் குழாயில் முன்பு இளஞ்சிவப்பாகத் தெளிவாக வந்த நீர் இப்போது கஞ்சி மாதிரி கலங்கி நாறுகிறது. குடுவையை எவ்வளவு அமுக்கி மூடினாலும் உடனே உப்பிவிடுகிறது, உறிஞ்சுவதே இல்லை. நான் செய்வதில்தான் தப்போ என்று நர்சு சொன்னதை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்துத் திரும்பத் திரும்பச் செய்கிறேன். என் தப்பு இல்லை. உள்ளே கெட்டுப்போய்க்கொண்டிருக்கிறது. இன்று சாயங்காலம் கடிதம் சொல்லும்போதே இரண்டு முறை என்னை வீராயி என்று அவள் அம்மா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

விடிந்தால் சூளை ஏற்றுகிறார்கள். நெருப்பு மூட்டிவிட்டால் அப்பா இருட்டுகிறவரை அங்கிருந்து நகர முடியாது, நகர்ந்தால் சரக்கு மொத்தமும் போய்விடும், முதலாளி விடமாட்டார். அவர் தலை மறைந்ததும், அடுப்படி ஜன்னல் வழியாக என்னோடு பேசிய வாசுகி அக்கா ஆட்டோவைப் பின் தெருவில் கொண்டுவந்து நிறுத்துகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். "ஃபைல் இல்லாட்டி என்னாடி, ஒடம்புல ஓட்டை இருக்குது, பாத்தா தெரியாதா அவங்களுக்கு?"ன்னு அவள்தான் தைரியம் சொன்னாள். பஸ் பிடித்துப் புதுச்சேரிக்கு, ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரிக்கே அம்மாவைக் கொண்டுபோகிறேன். பஸ் குலுக்கினால் இழுக்காமல் இருக்க குடுவையைப் பையோடு சேர்த்து நைட்டியின் உள்பக்கம் ஊக்குப் போட்டு வைத்துவிட்டேன், மடியில் வைக்கத் தலையணையும் எடுத்து வைத்திருக்கிறேன். என்ன நடந்தது என்று கேட்டால் செங்கல், ஜாடி எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். என்னைப் போலீஸ் பிடித்தாலும் பரவாயில்லை. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை, சொன்னால் அப்பாவுக்குச் சாப்பாடு யார் வைப்பது என்பாள்.

இந்தக் கடிதத்தை வாசுகி அக்காவிடம் கொடுத்துவிடுகிறேன். நாங்கள் கிளம்பினாலும் கிளம்ப முடியாவிட்டாலும் அவள் தபாலில் சேர்த்துவிடுவாள். படித்ததும் லீவு கேள், தாய் சாகக் கிடக்கிறாள் என்று சொல்லியே கேள். ஆனால் அண்ணா, வீட்டுக்கு வராதே. நீ அப்பாவைத் தொட்டால், அது நடக்கக் கூடாது என்றே அம்மா இவ்வளவையும் பொறுத்துக்கொண்டது வீணாகிவிடும். நேராகப் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு வந்து, பெண்கள் வார்டில் பூங்கோதை என்று கேள். நான் பக்கத்திலேயே இருப்பேன். அங்கே நாங்கள் இல்லை, அப்படி யாரும் வரவே இல்லை என்று சொன்னால் மட்டும் விருத்தாசலத்துக்கு வா. அப்போதும் தனியாக வராதே. போலீஸோடு வா.

அம்மா உனக்குச் சொன்ன ஆசீர்வாதம் மேலேயே இருக்கிறது. அது பொய் இல்லை.

உன் தங்கை
இளமதி