ஏறுபவர் எண்ணிக்கை: இரண்டு

மார்ச் 28, சனி

வெளியே 9 டிகிரி. நாய் மிசோவுக்கு நகம் வெட்டினேன். இடது முன்னங்காலில் கொஞ்சம் ரத்தம். சிஹோ வெட்டினால் வராது.

சிஹோ போய் இன்றோடு எழுபது நாள். நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கு முடிந்ததும், சொல்லி வைத்தாற்போல் எல்லோரும் அவள் பேரைச் சொல்வதையே நிறுத்திவிட்டார்கள். அலுவலகத்தில் 'அந்த விஷயம்' என்கிறார்கள். அம்மா போனில் 'அதுக்கப்புறம்' என்கிறாள்.

மிசோ மட்டும் காலணி அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்து அவளுடைய மலை பூட்ஸையே பார்க்கிறது.

ஏப்ரல் 4, சனி

ஹிராமோரி மலை. 812 மீட்டர். வசந்தத்தில் நான், அவள், மிசோ மூவரும் முதலில் ஏறுவது இதில்தான். போகத் தோன்றவில்லை. மிசோ கயிற்றைக் கவ்விக்கொண்டு வந்து மடியில் போட்டது, போனேன்.

பாதை நிலை: முதல் நாற்பது நிமிடம் சேறு. வளைவுக்குப் பிறகு பனி, முப்பது முதல் அறுபது சென்டிமீட்டர். ஒன்பது மணிக்கே இளகிவிட்டது. முழங்கால் வரை புதைகிறது. நாய்க்குப் பரவாயில்லை, எடை பதினோரு கிலோ.

ஓடையின் மேல் பனி இன்னும் பாலம்போல் கிடக்கிறது. என் வேலையே பாலங்களைப் பரிசோதிப்பதுதான். கான்கிரீட்டைச் சுத்தியால் தட்டி, சத்தத்தை வைத்து உள்ளே பொள்ளலா, கெட்டியா என்று எழுதிக் கொடுக்கிறேன். ஊன்றுகோலால் தட்டினேன். பொள்ளல். சந்தேகமே இல்லை.

தெரிந்தும் ஒரு காலை எடுத்து வைத்தேன்.

ஏன்? தெரியவில்லை. பயமும் இல்லை, ஆசையும் இல்லை. கால் போயிற்று, அவ்வளவுதான்.

மிசோ உட்கார்ந்துவிட்டது. கயிறு இறுகியது. 'வா' என்றேன். வரவில்லை. முகத்தைக்கூடத் திருப்பிக்கொண்டது. காலைப் பின்னால் எடுத்தேன்.

நன்றி என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். வீட்டுக்கு வந்து கோழி ஈரல் வேக வைத்துக் கொடுத்தேன்.

ஏப்ரல் 8, புதன்

வேலை. வேலை. மழை.

ஏப்ரல் 11, சனி

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலை ஐந்தரைக்கு மலையடிவாரம். அங்கிருக்கும் பெட்டியில், பேரும் போன் எண்ணும் எழுதி ஏறுபவர் சீட்டைப் போட்டேன். பனி இறுகிக் கிடந்தது, வழுக்காமலிருக்க பூட்ஸில் இரும்பு முள் கட்டிக்கொண்டேன். ஓடைப்பக்கம் போகாமல் மேட்டு வழியாகச் சுற்றி உச்சி வரை போனோம். தெற்குச் சரிவில் பனி விலகிய இடமெல்லாம் ஊதாப் பூ. பத்தே முக்காலுக்கு இறங்கி, வீட்டுக்கு வந்து, குளித்துத் தூங்கினேன். போன் பையிலேயே இருந்தது.

மூன்றே முக்காலுக்கு எடுத்துப் பார்த்தால் ஒரே எண்ணிலிருந்து ஏழு அழைப்பு. கூப்பிட்டேன்.

"வாகுயி தம்பியா? மலையடிவாரத்துல வெந்நீர்க் குளியல் வீடு இருக்குல்ல, தொகாஷி பேசறேன். உங்க வீட்டுக்காரம்மா எங்கப்பா?"

போனை மறு காதுக்கு மாற்றுவதற்குள் அவரே தொடர்ந்தார்.

"சீட்டுல ரெண்டு பேருன்னு எழுதியிருக்கு. வாகுயி சோதா, வாகுயி சிஹோ. நீங்களும் நாயும் மட்டும் கார்ல ஏறுனத நான் ஜன்னல் வழியா பார்த்தேன். அவங்க எங்க?"

"அவ இறந்துட்டா."

"ஐயோ! எந்த இடத்துல? ஓடையா? தேடப்போன நம்ம ஆளுங்க மேலதான் இருக்காங்க, சொல்லுங்க தம்பி, சீக்கிரம்!"

"இல்லக்கா. வீட்ல. குளிக்கிறப்ப... தலைக்குள்ள ரத்தம் கசிஞ்சு. ஜனவரியில."

உடனே வாக்கிடாக்கியில் அவர் கத்தியது கேட்டது: "கன்னோ அண்ணே, எல்லாரும் இறங்குங்க! அங்க யாரும் இல்ல. இறங்குங்க!"

திரும்ப என்னிடம் வந்து கேட்டார்: "தம்பி, சாப்டீங்களா?"

நான் என்ன பண்ணிட்டேன். ரெண்டுன்னு எப்பிடி எழுதினேன்? கை பாட்டுக்கு எழுதியிருக்கு. மதியப் பனி, இளகுன பனி. யாராவது அந்த ஓடைமேல கால வச்சிருந்தா? நான் தட்டிப் பார்த்த இடம். பொள்ளல்னு எனக்குத் தெரிஞ்ச இடம்.

ஏப்ரல் 12, ஞாயிறு

இனிப்புப் பெட்டி வாங்கிக்கொண்டு மன்னிப்புக் கேட்கப் போனேன். தொகாஷி அக்கா, கன்னோ அண்ணன், இன்னொருவர். மூவருக்கும் முன்னால் தலை தரையில் படக் குனிந்தேன்.

"எந்திரிப்பா, எந்திரி," என்றார் கன்னோ அண்ணன். அறுபத்தெட்டு வயது. நேற்றுத் தேடும்போது ஓடைக்கரையில் இடுப்பு வரை பனியில் புதைந்திருக்கிறார். முழங்காலில் பெரிய கட்டு. "நாப்பது வருசமா என் பொண்டாட்டி என்னை உடம்பக் குறை, குறைன்னு சொல்றா. நேத்து அந்தத் தொப்பைதான் பனியில சிக்கி என்னை நிப்பாட்டுச்சு. இனிமே அவ வாயத் திறக்க முடியுமா?"

"நீங்க மொதல்ல பெட்டிய உங்க வீட்ல அவங்களுக்குக் கொடுங்க, எல்லாத்தையும் நீங்களே திங்காம," என்றார் அக்கா.

சீட்டை எடுத்துக் காட்டினார். அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய எண் என்ற கட்டத்திலும் சிஹோவின் எண்ணைத்தான் எழுதியிருக்கிறேன். "அடிச்சுப் பார்த்தா இந்த எண் இல்லன்னு வருது. அதான் உடனே ஆளுங்கள மேல அனுப்பிட்டேன்."

மறுபடி குனிந்தேன். கன்னோ அண்ணன் தேநீர்க் கோப்பையைக் கையில் திணித்தார்.

"தொண்டைதான் கட்டிப்போச்சு தம்பி. சிஹோ-சான், சிஹோ-சான்னு பள்ளம் பூரா கத்துனோம். ரெண்டு மணி நேரம். எதிர்ச்சரிவுலேருந்து அந்தப் பேரே திரும்பி வந்துச்சு பாரு, அவ்வளவு தெளிவா."

கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன்.

முன்பின் தெரியாதவர்கள். இரண்டு மணி நேரம். மலை முழுக்க அவள் பேர்.

"ரொம்ப நன்றி," என்றேன். மன்னிப்புக் கேட்கப் போனவன் நன்றி சொல்கிறேனே என்று யாரும் சிரிக்கவில்லை. "எப்பிடிப்பட்ட பொண்ணு?" என்று அக்கா கேட்டார். சொன்னேன். வழியெல்லாம் பேசுவாள், நாயிடமும் பேசுவாள், நகம் வெட்டினால் ரத்தம் வராது. இருட்டும்வரை சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 19, ஞாயிறு

கன்னோ அண்ணனுக்கு முழங்கால் தேவலை. போனில், "தொப்பை அப்பிடியேதான் இருக்கு," என்றார்.

சிஹோவின் பூட்ஸில் இருந்த பழைய சேற்றைத் துடைத்து, எண்ணெய் பூசி வைத்தேன். மிசோ முழுக்க மேற்பார்வை.

மே 2, சனி

ஹிராமோரி. பாதை நிலை: சேறு காய்ந்துவிட்டது. பனி நிழலில் மட்டும், கணுக்கால் அளவு. ஓடையின் மேல் இருந்த பனி விழுந்துவிட்டது, கல் தாண்டிக் கடக்கலாம். கரடி சத்தம் கேட்டு விலகட்டும் என்று மிசோ கழுத்தில் மணி.

காலையில் சீட்டு எழுதும்போது அக்கா பின்னாலேயே நின்று எட்டிப் பார்த்தார். ஏறுபவர் எண்ணிக்கை: ஒன்று. பக்கத்தில், நாய் ஒன்று. அவசர எண் கட்டத்தில் பென்சில் நின்றது.

"கொடுங்க இங்க." பிடுங்கிக் குளியல் வீட்டு எண்ணை எழுதினார். "பதினொண்ணுக்குள்ள இறங்கணும். மூங்கில் குருத்துச் சோறு வச்சிருக்கேன், ஆறிப்போயிரும்."

ஓடைக்கரையில் ஒருமுறை கூப்பிட்டுப் பார்த்தேன். சிஹோ. எதிர்ச்சரிவிலிருந்து பேர் திரும்பி வந்தது. அண்ணன் சொன்னது சரி, அவ்வளவு தெளிவு. மிசோ காதை நிமிர்த்தி அந்தப் பக்கமே பார்த்தது. இன்னொரு முறை கூப்பிடச் சொல்வதுபோல் என்னைப் பார்த்தது. கூப்பிட்டேன்.

அதனால் இறங்க இருபது நிமிடம் தாமதம். கடைசி வளைவு திரும்பியதும் தெரிந்தது, அக்கா வாசலுக்கு வெளியே வந்து, நெற்றியில் கைவைத்துப் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மிசோ ஓடியது. நானும் கொஞ்சம் வேகமாக நடந்தேன்.