கோடு சுற்றிலும் தெரியணும்

மார்ச் 3, செவ்வாய்

சைக்கிள் பஞ்சரை நானே ஒட்டினேன். இத்தனை வருடமாகப் பள்ளி வேன் ஓட்டுகிறவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா? ஆனால் ஏறி மிதித்தால், சுற்றுக்கு ஒரு முறை சக்கரம் தூக்கிப் போடுகிறது. டொக். டொக். ரோடு சரியில்லை.

மார்ச் 4, புதன்

ரோடு நன்றாகத்தான் இருக்கிறது. காற்றுப் போதவில்லையோ என்று இன்னும் அடித்தேன். குதிப்பு கூடியதுதான் மிச்சம். "சைக்கிளா, குதிரையா?" என்று வேன் ஷெட் மெக்கானிக் கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 6, வெள்ளி

மனைவி சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தாள். மருந்துக் கடை வேலையில் பொடி எழுத்துப் படித்துப் பழகிய கண்.

"டயர் சரியா உக்காரலைங்க. ரிம்மை ஒட்டி ஒரு கோடு ஓடுது பாருங்க, சுத்திலும் ஒரே அளவா தெரியணும். ஒரு எடத்துல உள்ள போயிருச்சு."

"ஆமாமா, பாத்தேன்."

எந்தக் கோடு? எனக்குக் கறுப்பு டயர் கறுப்பாகத்தான் தெரிந்தது.

"எங்கன்னு தொட்டுக் காட்டுங்க."

குத்துமதிப்பாக ஓரிடத்தைத் தொட்டேன். கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். திட்டியிருக்கலாம்.

மார்ச் 7, சனி

உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. விடியுமுன் வேனை எடுக்கும்போது எதிரே வரும் விளக்கெல்லாம் பூசினாற்போல் விரிகிறது. வேன் கண்ணாடிதான் அழுக்கு என்று துடைத்துக்கொண்டே இருக்கிறேன். வண்டி நிறையப் பிள்ளைங்கடா! யார் பெத்த பிள்ளைங்களோ. என்ன செஞ்சிட்டு இருக்கேன் நான்? — ஆனால் வேலை போனால்? வேறென்ன தெரியும் எனக்கு?

மார்ச் 8, ஞாயிறு

காற்றை இறக்கினேன். வால்வை உள்ளே அழுத்திவிட்டு, டியூப் எங்காவது டயருக்கடியில் மாட்டியிருக்கிறதா என்று தடவினேன். டயர் வழுக்கி உட்கார ஓரமெல்லாம் சோப்புத் தண்ணீர். அவள் பம்ப் அடித்தாள், பாதிக் காற்று. கோட்டைக் கட்டைவிரலால் தேடிக்கொண்டே வந்தேன். பதுங்கியிருந்த இடத்தில் டயரைப் பிசைந்து வெளியே இழுத்தேன். மறுபடி அடித்தாள். டப்பென்று உட்கார்ந்தது.

"கையில தெரியுதா?"

"கையில தெரியுது. கண்ணுலதான் தெரியல."

வாயிலிருந்து வந்தேவிட்டது.

"தெரியும்" என்றாள்.

மார்ச் 9, திங்கள்

வேன் சாவியை மேலாளரிடம் கொடுத்துவிட்டேன். கண் சரியானதும் பார்க்கலாம் என்றார். கை சும்மா சும்மா பாக்கெட்டைத் தடவுகிறது.

மார்ச் 10, செவ்வாய்

கண் ஆஸ்பத்திரிக்குச் சைக்கிளில் போனோம். ஹேண்டில்பாரைப் பிடிக்கப் போனேன். "பின்னாடி ஏறுங்க" என்றாள். ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் பின்னால் உட்கார வைத்தவன் கேரியரில் ஏறினேன். தெருவே பார்த்தது. பார்க்கட்டும். சக்கரம் குதிக்கவில்லை.

"சரியா உக்காந்திருக்கீங்களா?"

"உக்காந்துட்டேன். நீ மிதி."