பென்சிலில் எழுதிய கணக்கு

அப்பா,

சோறும் கருவாட்டுக் குழம்பும் மூடி வைத்திருக்கிறேன். ஸ்ரீரங்கம் டியூஷன் முடிந்து வந்ததும் சாப்பிடுங்கள். உப்புக் குறைவாக இருக்கும். நேற்றிலிருந்து எனக்குக் கை ஓடவில்லை.

நாலு மணிக்குச் சகாயநாதனும் அவன் அம்மாவும் லட்டு கொண்டு வருவார்கள். பி.யூ.சி.யில் அவனுக்குக் கணக்கு குரூப் கிடைத்துவிட்டதாம். உங்கள் கணக்கு டியூஷன் மாணவன்தான். ஆனால் நீங்கள் இல்லாத நாட்களில் அவனுக்கு லாகரிதம் சொல்லிக்கொடுத்தது நான். எஸ்.எஸ்.எல்.சி. கணக்கில் அவன் 58, நான் 91.

நம் வீட்டில் எந்த விண்ணப்பத்தையும் நான் பென்சிலில் எழுதுவேன், நீங்கள் பார்த்து அதன்மேல் மையில் எழுதுவீர்கள். பி.யூ.சி. விண்ணப்பத்தில் கணக்கு, பௌதிகம், ரசாயனம் என்று எழுதி வைத்திருந்தேன். அதை அழித்துவிட்டு, சரித்திரம், தர்க்கம், சிறப்புத் தமிழ் என்று மையில் எழுதிக் கொடுத்துவிட்டீர்கள். நேற்றுத் தெரிந்து கேட்டதற்கு, "கணக்கு படிச்ச பொண்ணுக்கு நான் எங்க போயி மாப்பிள்ளை தேடுறது?" என்றீர்கள். தமிழ்மேல் எனக்குக் கோபம் இல்லை. கணக்கு வாத்தியார்மேல்தான்.

காலையில் கல்லூரிக்குப் போய், மாற்ற முடியுமா என்று கேட்டேன். ஆபீஸ் சிஸ்டர் விண்ணப்பத்தைத் திருப்பித் தந்து, "திருத்துன இடத்துல அப்பா கையெழுத்துப் போடணும்மா, இன்னிக்கு அஞ்சு மணி வரைக்கும்தான்" என்றார். விண்ணப்பம் உங்கள் தட்டின் கீழே இருக்கிறது, கையெழுத்துப் போட்டு எடுத்து வாருங்கள். நான் கல்லூரி வாசலில் காத்திருப்பேன்.

அமலராணி

சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுங்கள். லட்டுக்காகக் காத்திருந்தால் ஐந்து மணி தாண்டிவிடும்.

பென்சில் எழுத்தைத் தேட வேண்டாம். இந்த முறை நானே மையில் எழுதிவிட்டேன்.