அப்பா சொல்லாமல் போன முடிவு

சிரஞ்சீவி சௌபாக்கியவதி மாளவிகாவுக்கு அம்மாவின் அநேக ஆசீர்வாதம். நீயும் மாப்பிள்ளையும் அங்கே பனியில் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும் என்று பழவங்காடிப் பிள்ளையாரிடம் சொல்லிவிட்டு வந்துதான் இதை எழுத உட்கார்ந்தேன். இங்கே சௌக்கியம் என்று எழுதக் கை வருகிறது, மனசு வரவில்லை. அப்பாவின் இந்த மாசத்து மாசிகம் நல்லபடி முடிந்தது. உன் தம்பி சுமந்த் பெங்களூரிலிருந்து வந்து செய்துவிட்டு அன்றைக்கே பஸ் ஏறிவிட்டான், லீவு இல்லையாம். மாடியில் குடியிருக்கும் சிஜி, கழக்கூட்டம் பக்கம் இருக்கும் ஆபீஸ் விட்டு வந்ததும் எட்டிப் பார்த்து, விஷமிக்கண்டா ஆன்ட்டி என்று மலையாளத்தில் சொல்லிவிட்டுப் போகிறாள். வருத்தப்படாதே என்றால் நின்றுவிடுமா, ஆனாலும் பாவம், சொல்ல ஒருத்தியாவது இருக்கிறாளே.

நீ அனுப்பிய வாசிப்பு டயரி வந்தது. மனசு மாறட்டும் என்றுதான் அனுப்பினாய், தெரியும். ஆனால் கதைச் சுருக்கத்துக்கு ஒரு கட்டம், பிடித்த வரிக்கு ஒரு கட்டம், போதாததற்கு நட்சத்திரம் வேறு. ஆயுசு முழுக்கப் பேப்பர் திருத்தியவளை மறுபடி மார்க் போடச் சொல்கிறாயேடி! பென்சிலும் கையுமாகப் படித்தேன். சிரிப்பு வருகிற இடம் வந்தது, இதை எந்தக் கட்டத்தில் எழுதலாம் என்று யோசித்ததில் சிரிப்பே வரவில்லை. அப்புறம் பென்சிலைச் சமையலறை அலமாரியில் வைத்துவிட்டேன். படித்து மூடிவிட்டு, மறுநாள் காபி குடிக்கும்போது எது மனசில் நிற்கிறதோ அதை மட்டும் எழுதலாம், ஒன்றும் நிற்காவிட்டால் பக்கம் காலியாகவே இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டேன். அப்படி எழுதினது இதுவரை ஒரே பக்கம்தான். அதைப் போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால்தான் கடிதம்.

நானும் அப்பாவும் ஒரே புத்தகத்தை ஆளுக்கொரு அடையாளம் வைத்துப் படிப்போம் என்பது உனக்குத் தெரியுமே. அவர் ஓட்டமாக முடித்துவிட்டு, நான் பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருக்கும்போது வந்து நின்று, வாலா, அந்தப் பொண்ணு கடைசியில யாருன்னு தெரியுமோ என்று ஆரம்பித்துவிடுவார். ஒரு முடிவையாவது நானாகப் படித்திருக்கிறேனா! கடைசியாக எடுத்தது ஒரு துப்பறியும் கதை. இதையும் சொன்னேள்னா உங்களோட பேசவே மாட்டேன் என்று சண்டை போட்டேன். மனுஷர் படித்து முடித்தார், வாயே திறக்கவில்லை. பால்கனி நாற்காலியில் உட்கார்ந்து என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார். அந்த வாரமே போய்விட்டார். பாதியில் நின்ற புத்தகத்தை இத்தனை நாள் தொடவே முடியவில்லை. உன் டயரிக்காகத்தான் போன செவ்வாய்க்கிழமை முடித்தேன். கொலை செய்தது அந்த ஆளாக இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. அட, இதுக்கா அப்படிச் சிரிச்சேள் என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டுத் திரும்பினேன். நாற்காலி காலியாக இருந்தது. மறுநாள் டயரியில் கதையைப் பற்றி ஒன்றும் வரவில்லை. நீங்களே சொல்லியிருக்கலாம் என்று மட்டும் எழுதினேன்.

வெளியே போனால் காதை மூடிக்கொண்டு போ, நேரத்துக்குச் சாப்பிடு. தீர்க்க சுமங்கலியாக இரு. அந்தப் புத்தகத்தை உனக்குப் பார்சல் அனுப்பியிருக்கிறேன். முடித்ததும் கட்டத்தில் எழுதி வைக்காதே, உடனே கூப்பிடு. எனக்குச் சண்டை போட ஆள் வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
வாலாம்பாள்