நைனாவுக்கு நான் எழுதிய பட்டணத்துப் பொய்கள்

என் அன்பு நைனா,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதப் பழகிய கை அங்கேயே போகிறது. உங்கள் நலத்தை இனி எந்த முகவரிக்கு எழுதிக் கேட்பேன்? நீங்கள் போய் ஏழு மாதமாகிறது. இத்தனை நாள் மென்று முழுங்கிக்கொண்டிருந்த ஒன்றை இன்று சொல்லிவிடப் போகிறேன். மேல்துண்டை உதறிக்கொண்டு பாதியில் எழுந்து போகக் கூடாது.

எனக்குப் பட்டணம் பிடிக்கும். ரொம்பப் பிடிக்கும்.

ஆறு வருஷம் நான் திருவல்லிக்கேணியிலிருந்து எழுதிய இன்லேண்டுகளில் முதல் கடிதம் மட்டும்தான் உண்மை. கல்யாணமாகிப் போன முதல் வாரம், குழாய்த் தண்ணீர் வாயில் வைக்க விளங்கவில்லை என்று எழுதினேன். அதற்கு நீங்கள் போட்ட பதிலில் "நான் சொன்னேனா இல்லையா" என்பது மூன்று இடத்தில் வந்தது. அவ்வளவு சந்தோஷமாக நீங்கள் எழுதி நான் பார்த்ததே இல்லை. சரி, கிழவருக்கு இதுதான் பிடிக்கிறது போலிருக்கிறது என்று அடுத்த கடிதத்தில் கொசுவை எழுதினேன். அதற்கடுத்து பால். அப்புறம் கை தானாக எழுத ஆரம்பித்துவிட்டது.

நீங்கள் அதையெல்லாம் பாத்திரக்கடையில் உட்கார்ந்து, சொம்பு வாங்க வந்தவர்களுக்குப் படித்துக் காட்டுவீர்களாமே. "கேட்டீங்களாய்யா, பால்ல தண்ணி ஊத்தறாங்களா தண்ணில பால் ஊத்தறாங்களான்னே தெரியலியாம்! இன்னா ஊருய்யா அது?" செஞ்சிக் கடைத்தெரு முழுக்க என் கஷ்டம் தெரியும். தெரியாதவர் உங்கள் மாப்பிள்ளை ஒருவர்தான்.

உங்களுக்கும் பட்டணத்துக்கும் ஆகாமல் போன கதை ஊரறிந்தது. இருபது வயதில் ஒரே ஒரு முறை போனீர்கள். புதுச் செருப்பைக் கடற்கரை மணலில் கழற்றி விட்டு, கால் நனைத்துத் திரும்புவதற்குள் செருப்பு போய்விட்டது. வெறுங்காலோடு செஞ்சி வந்து இறங்கி, இனி அந்த மண்ணை மிதிக்க மாட்டேன் என்றீர்கள். சரக்கெடுக்கக் கும்பகோணம் போனீர்கள். ஆறு வருஷத்தில் ஒரு முறை கூட என் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. ஒரு ஜோடி செருப்புக்கு இத்தனை வைராக்கியமா நைனா?

தண்ணீர் விஷயத்தில் நீங்கள் செய்ததைத்தான் என்னால் இன்னும் நம்ப முடியவில்லை. கடையிலேயே பெரிய பித்தளைக் குடமாக எடுத்து, நம் வீட்டுக் கிணற்றில் இறைத்து நிரப்பி, வாயைத் துணியால் வேடு கட்டி, பட்டணம் போகும் பஸ்ஸில் கண்டக்டரிடம் ஒப்படைத்தீர்கள். "எம் பொண்ணு குடிக்கிற தண்ணி. சிந்தாமக் கொண்டு போப்பா!" மாதத்துக்கு இரண்டு குடம். உங்கள் மாப்பிள்ளை ஆபீஸ் விட்டதும் பாரிமுனைக்கு ஓடி, குடத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு டவுன் பஸ் ஏறுவார். "உங்க நைனாவுக்கு நான் இன்னா பாவம் செஞ்சேன்?" என்று ஒருநாள் கேட்டார். "அன்புங்க," என்றேன். "அன்பு ரொம்பக் கனக்குது," என்றார்.

அந்தத் தண்ணீரை என்ன செய்தேன் என்று சொல்லட்டுமா? இரண்டாம் மாதமே எனக்குக் குழாய்த் தண்ணீர் பழகிவிட்டது. பக்கத்துப் போர்ஷன் மாமி குடத்தைப் பார்த்து, மலைமேல் கோயில் தீர்த்தமா என்று கேட்டாள். நானும் வாயை மூடிக்கொண்டு சும்மா இருந்தேன். அன்றிலிருந்து முழங்கால் வலிக்கு அதைத்தான் தினம் ஒரு டம்ளர் குடித்தாள். வலி குறைந்துவிட்டது என்று சத்தியம் செய்கிறாள். நம் வீட்டுக் கொல்லைக் கிணறு, நைனா! பக்கத்தில் எருமை கட்டியிருக்கும் கிணறு!

பட்டணத்தில் என்னதான் இருக்கிறது என்கிறீர்களா? அங்கே என்னை யாருக்கும் தெரியாது. அதுதான் இருக்கிறது. இங்கே நான் ஒரு முழம் ரிப்பன் வாங்கினால், வீடு வந்து சேர்வதற்குள் அது என்ன கலர் என்று அம்மாவுக்குத் தெரிந்துவிடுகிறது. அங்கே சாயங்காலம் கடற்கரைக்கு நடந்து போய், சுண்டல் வாங்கி, மணலில் காலை நீட்டி உட்காருவேன். பாத்திரக்கடைக்காரர் மகள் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறாள் என்று அங்கே எவர் போய் யாரிடம் சொல்வது?

சரி, வினை எங்கே வந்தது என்று பார்ப்போம். போன தை மாதம் உங்கள் மாப்பிள்ளையின் பெரிய அதிகாரி, குடும்பத்தோடு செஞ்சிக்கோட்டையைப் பார்க்க வந்தார். மலை ஏறி இறங்கி நாக்கு வறண்டு, கூஜா வாங்க நம் கடையில் வந்து நின்றார். எந்த ஆபீஸ் என்று நீங்கள் விசாரித்திருக்கிறீர்கள். அப்புறம் சும்மா இருப்பீர்களா? கூஜாவில் தண்ணீர் நிரப்பிக் கொடுத்து, கல்லாவுக்கு அடியிலிருந்து என் கடிதக் கட்டை எடுத்து, ஒன்றுவிடாமல் படித்தீர்களாம். மாப்பிள்ளையை இந்த ஊருக்கே மாற்றிவிடுங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டீர்களாம். அதிகாரியின் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாராம்.

பங்குனியில் நீங்கள் போய்விட்டீர்கள். காரியம் முடிந்து நாங்கள் பட்டணம் திரும்பிய மறுவாரம் உத்தரவு வந்தது. பட்டண வாழ்க்கை ஒத்துக்கொள்ளாத மனைவியின் உடல்நிலையைக் கருதி, செஞ்சிக்கு மாற்றல். உங்கள் மாப்பிள்ளை அதை இரண்டு முறை படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் அப்போது மூன்றாவது தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

என்ன சொல்வேன்? அத்தனையும் பொய் என்று சொன்னால், செத்துப்போன நீங்கள் ஏமாந்தவர் ஆகிவிடுவீர்கள். வாயைத் திறக்காமல் மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிட்டேன். ஆறு மாதம் இங்கே இருந்தேன். சித்திரை வெயிலில் மலையெல்லாம் காய்ந்து, பொழுது சாய்ந்த பிறகும் சூடு வீசும். நீங்கள் ஆசைப்பட்டுக் கொடுத்ததாயிற்றே என்று பொறுத்துக்கொண்டேன். கடையில் இப்போது சித்தப்பா உட்காருகிறார். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் உங்கள் இருமல் கேட்கிறதா என்று காது அதுவாகப் போகிறது.

போன மாதம் நானும் அம்மாவும் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். வெங்காயத்தைச் சாக்காக வைத்து அழுதேன். அம்மா அரிவாள்மணையை நகர்த்திவிட்டு, "உனக்கு இங்க இருப்புக் கொள்ளலன்னு எனக்குத் தெரியும். உங்க நைனாவுக்கும் தெரியும்," என்றார்கள்.

"நைனாவுக்கா? இன்னாம்மா சொல்றே?"

"போன தீபாவளிக்கு வந்தப்போ மூணு ரவிக்கைய பிரிச்சுத் தச்சியே, அதப் பாத்தாரு. அழுதுக்கினு கெடக்கறவளுக்கு ரவிக்கை பத்தாமப் போவுமாடின்னு கேட்டாரு. எம் பொண்ணு அங்க நல்லாத்தான் இருக்குது, எனக்காவத்தான் பொய் எழுதுதுன்னாரு."

"தெரிஞ்சுமா மாத்தல் கேட்டாரு?"

"ஆமா. எம் பொண்ணப் பாக்கணும் போல இருக்குது, அத எப்படி வாயால கேக்கறதுன்னாரு."

நைனா, அந்த ஒரு வார்த்தையை ஒரு இன்லேண்டில் எழுதியிருக்கக் கூடாதா? அடுத்த பஸ்ஸில் வந்து நின்றிருப்பேனே. நீங்கள் இருந்திருந்தால், ஊரே என் ரிப்பன் கலரைப் பேசினாலும் இங்கேயே இருந்திருப்பேன். என்னைப் பார்க்க வேண்டும் என்று கூப்பிட்டுவிட்டு நீங்கள் போய்விட்டால் நான் யாருக்கு முகம் காட்டுவது?

அம்மாவின் மடியில் படுத்து ஒரு பாட்டம் அழுது தீர்த்தேன். பிறகு அம்மா கேட்டார்கள்: "மனு எழுதிப் போட்டா திரும்ப அங்கயே போவலாமா?"

"போவலாம். ஆனா உன்னத் தனியா உட்டுட்டு..."

"எவடி தனியா இருக்கப் போறா? நானும் வரேன். முப்பது வருஷமா அந்தக் கடல ஒருதரம் பாக்கணும்னு கெடக்கறேன். உங்க நைனா செருப்பு தொலைச்சாரு, நான் இன்னா தொலைச்சேன்?"

உள்ளே போய்ப் பார்த்தால், அம்மாவின் டிரங்குப் பெட்டி ஏற்கெனவே கட்டித் தயாராக இருந்தது. அதன் மேல் ஒரு ஜோடி புதுச் செருப்பும் இருந்தது.

மனைவியின் உடல்நிலைக்காகக் கொடுத்த மாற்றல் என்பதால் மனைவியே கைப்பட எழுத வேண்டும் என்று ஆபீஸில் சொன்னார்கள். பட்டணம் எனக்கு நன்றாக ஒத்துக்கொள்கிறது என்று எழுதினேன். கட்டுக் கட்டாகப் பொய் எழுதிய கை, அந்த ஒரு வரி உண்மையை எழுத நாலு காகிதத்தை வீணாக்கியது. நேற்று உத்தரவு வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை கிளம்புகிறோம். அந்த அதிகாரியின் மனைவி என்னைப் பார்க்க வேண்டும் என்கிறாராம். எந்த முகத்தோடு போவேனோ தெரியவில்லை.

சித்தப்பா இங்கே திதி கொடுப்பார். ஆனால் அமாவாசைப் படையல் அம்மா கையால்தான், இனி அது திருவல்லிக்கேணியில். ஆகவே, சாப்பிட வேண்டுமென்றால் நீங்கள் பட்டணத்துக்கு வந்துதான் ஆக வேண்டும். வேறு வழி கிடையாது. இலை ஓரத்தில் வைக்கிற தண்ணீர் மட்டும் நம் கிணற்றுத் தண்ணீராக இருக்கும். குடம் பஸ்ஸில் வரும், சித்தப்பாவிடமும் கண்டக்டரிடமும் சொல்லியாயிற்று. உங்கள் மாப்பிள்ளை பாரிமுனையிலிருந்து தூக்கிவரச் சம்மதித்துவிட்டார்.

மறக்காமல் வாருங்கள், நைனா. செருப்பை எங்கள் வாசலில் விடுங்கள். நீங்கள் சாப்பிட்டு எழுந்திருக்கும் வரை நான் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொள்கிறேன்.

உங்களிடம் பொய் சொல்லி, உங்களிடமே மாட்டிக்கொண்ட
உங்கள் ஒரே மகள்
வசந்தா